அந்தோணிக்கு இன்னும் வைக்காத சிலுவை

1

2006 ஜூன், இரண்டாவது வாரம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்தபோது கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே வந்து, அதிலிருந்த சிலுவை ஒரு சூப் கிண்ணத்தின் மேல் ஆடியது. புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர் அம்மாள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், அதை உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னார். இது அரசு ஆஸ்பத்திரி. பிரான்சில் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் வேலை நேரத்தில் மத அடையாளம் எதையும் வெளியே காட்டக் கூடாது. இங்கு வந்த முதல் வருடமே எனக்கு இது தெரியும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போட்டேன். பக்கத்து மேசையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த அல்ஜீரியாக்காரர் கரீம், இந்தச் சமையலறையில் எல்லோருக்கும் ஒரே மதம்தான், அதன் பெயர் கேரட் சூப் என்றார். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சட்டத்தைச் சொன்னார், அதையும் மரியாதையாகச் சொன்னார். என்னைத் தொந்தரவு செய்தது வேறு. சிலுவையை மறைக்க எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அதனால் எனக்கு எதுவும் குறையவில்லை. மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில், என் தங்கை வீட்டில் அதே காரியம் ஒரு வருடமாக நடக்கிறது. அங்கே அது எத்தனை வருடத்துக்கு நடக்கும் என்று இந்த ஏப்ரலில்தான் தெரிந்துகொண்டேன். நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதில் என்னால் செய்ய முடிவது எழுதிவைப்பது மட்டும்தான்.

2

தங்கையின் பெயர் திரேசா. அவள் கணவர் அந்தோணி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். ஒரே மகள் பிலோமினா ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இவை கோவில் பெயர்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் இவர்கள் ஜெயா, ஆறுமுகம், புனிதா. எங்கள் தெருவில் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. யாரும் இதை ஏமாற்று வேலையாக நினைத்ததில்லை. மழைக்கு ஒரு செருப்பு, வெயிலுக்கு ஒரு செருப்பு என்பதுபோல ஒரு ஏற்பாடு.

காரணத்தை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் மகனைப்போல வெளியே வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தால் அரசு வேலைக்கு ஒரு வரிசை. கிறித்தவர் என்று எழுதினால் வேறு வரிசை, அது நீளமானது. ஞானஸ்நானம் வாங்கியதால் எங்கள் தெரு ஊருக்கு நடுவில் போய்விடவில்லை. டீக்கடையில் யாரும் எங்களை வேறு மாதிரி பார்க்கவும் இல்லை. தாத்தா தண்ணீர் ஊற்றிக்கொண்டார், தெரு அங்கேயே இருந்தது. ஆனால் காகிதத்தில் மட்டும் நாங்கள் வேறு ஆட்கள் ஆகிவிடுகிறோம்.

என் மகன் ஜோசப்புக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவன். இதை அவனுக்குப் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அத்தை எப்ப நிஜம்?" என்றான். அவன் தமிழ் அவ்வளவுதான். திட்டலாமா என்று யோசித்தேன், முடியவில்லை. போன வருடம் உறுதிபூசுதல் என்கிற கோவில் சடங்குக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

3

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அந்தோணி கரையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போயிருந்தார். ஆனால் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டது. அந்தப் பருவம் அவருக்குப் பாதிக் கூலிதான். நிவாரணம் கொண்டுவந்தவர்களில் சிலர் சிலுவை போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். அரிசி எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த நாட்களில்தான் யார் எந்தச் சாமி என்று ஊர் கணக்குப் பார்க்கத் தொடங்கியது என்று திரேசா போனில் சொன்னாள்.

2005 ஜூனில் பிலோமினாவின் பெயர் ஆசிரியர் வேலைக்கான பட்டியலில் வந்தது. அதே மாதத்தில் கையெழுத்தில்லாத மனு ஒன்று தாலுக்கா ஆபீசுக்குப் போயிற்று. இந்தப் பெண் இந்து அல்ல, கிறித்தவள், விசாரிக்கவும். எழுதியவர் யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று திரேசா சொல்லிவிட்டாள்.

விசாரணைக்கு ஆள் வரும் என்ற நிலையில் அந்தோணிக்குச் சிறுநீரகம் கெட்டது. அவருக்கு முன்பிருந்தே கால் வீங்கும். உப்புத் தண்ணீரில் நிற்பதால் என்று விட்டுவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் ஒருநாள் என்னோடு போனில் பேசினார். மூச்சு வாங்கியது. அவர் கடைசியாக என்னிடம் பேசியது இதுதான்:

"மச்சான், நான் போனா தலமாட்டுல சிலுவ வெக்கச் சொல்லாத. திரேசாகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு விசாரிக்க வர்றவன் சுடுகாட்டாண்ட வந்து பாத்தான்னா, புள்ள வேல போயிடும். அவளுக்கு ஆர்டர் வரட்டும். அப்புறம் வெச்சுக்கலாம். எனக்கு இன்னா அவசரம்?"

நான் கோபப்பட்டேன். ஒரு கிறித்தவன் சிலுவை இல்லாமல் மண்ணுக்குள் போவதா என்று கேட்டேன். அவர் சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்தது. சாமிக்குத் தெரியாதா நான் எங்க படுத்திருக்கேன்னு, என்றார்.

ஆகஸ்டில் இறந்தார். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் என்னால் போக முடியவில்லை. எங்கள் தெருவுக்கு ஒரே இடுகாடுதான். ஒரு பாதியில் சிலுவைகள் இருக்கும், மறுபாதியில் இருக்காது. சிலுவை இல்லாத பாதியில் அவரை வைத்தார்கள். பங்குச் சாமியார் முதல் நாளே வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லிவிட்டு, இடுகாட்டுக்கு வராமல் இருந்துவிட்டார். அதுவும் ஓர் உதவிதான் என்றாள் திரேசா. ஜோசப்பிடம் போனைக் கொடுத்தேன். அவன் அத்தையிடம், "மாமா முடிஞ்சிட்டாரா?" என்று கேட்டான். இறந்துபோனார் என்ற சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. திரேசா, ஆமாம்பா, முடிஞ்சிட்டாரு, என்றாள்.

4

அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவர்கள் சிலுவையை வெளிப்படையாக வரைந்ததில்லை. அது அப்போது கொலைக்களத்தின் கட்டை. அதைக் கும்பிடுவதாகச் சொன்னால் சிரிப்பார்கள், பிடிபட்டால் உயிர் போகும். ஆகவே கல்லறைகளில் நங்கூரம் வரைந்தார்கள். நங்கூரத்தின் மேல்பகுதியைப் பார்த்தால் தெரிந்தவனுக்குச் சிலுவை தெரியும். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே திரேசாவுக்குப் போன் செய்து, தலைமாட்டில் நங்கூரம் போட்ட ஒரு கல் வைக்கலாமே என்றேன்.

அவள், நாம உப்பளத்து ஆளுங்கண்ணா, நமக்கு எதுக்கு நங்கூரம், என்றாள். கடலுக்குப் போற போட்டுக்காரங்க வெச்சாலும் ஒரு நியாயம் இருக்குது, ஆறுமுகத்துக்கு ஏன் நங்கூரம்னு விசாரிக்க வர்ற ஆளு கேட்டா நான் இன்னா சொல்றது?

படித்ததெல்லாம் அதோடு நின்றது.

5

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்தது செப்டம்பரில். இதை நான் நேரில் பார்க்கவில்லை. திரேசாவும் பிலோமினாவும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

வருகிறார் என்று காலையிலேயே தகவல் வந்தது. சுவரிலிருந்த பாடுபட்ட சுருபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவை, இறக்கி அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். பிலோமினா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அதே பானையில் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்றை வாங்கி அதே ஆணியில் மாட்டினார்கள். திரேசா விதவை என்பதால் திருநீறு, மகளுக்குக் குங்குமம். எல்லாம் சரியாக இருந்தது. ஆய்வாளர் மட்டும் வரவில்லை. பகல் முழுவதும் காத்திருந்தார்கள். கரண்ட் வேறு போய்விட்டது. இருட்டுகிற நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

உள்ளே உட்காரவைத்தார்கள். பெயர் கேட்டார், சொன்னார்கள். குலதெய்வம் கேட்டார், தாத்தாவுக்கு முந்தைய காலத்துச் சாமியைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் வந்தது.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் விளக்கு எரிந்ததும் நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். அரிக்கன் விளக்குக் காலத்தில் வந்தது, பல்பு வந்தபிறகும் போகவில்லை. யாரும் யோசித்துச் செய்வதில்லை. பல்பு எரிந்தது. திரேசாவின் கை மேலே போயிற்று. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆய்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு முருகன் காலண்டரைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நெத்தியில இன்னாம்மா, வேர்வையா?"

"ஆமாங்க சார்," என்றாள் திரேசா.

"மார்லயும் தோள்லயும்?"

பிலோமினா முந்திக்கொண்டு சொன்னாள், "கரண்ட் இல்லாம காலையில இருந்து புழுக்கம் சார்."

"தொடச்சிக்கச் சொல்லு," என்றார் ஆய்வாளர். எழுதி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று செருப்புப் போடும்போது, யாரையும் பார்க்காமல், சுவத்துல இருக்கிறதத்தான் நான் எழுத முடியும், கையி எங்க போவுதுன்னு எழுதுறதுக்குக் கட்டம் கிடையாது, என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் யார், எந்த ஊர், எதைக் கும்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தது சரியா என்றும் தெரியாது. திரேசா அன்று சாப்பிடவில்லை. பொய் சொன்னதற்கு அழவில்லையாம். "கையி உண்மைய சொல்லிச்சுண்ணா. அத வேர்வைன்னு சொல்லிட்டேன்," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

6

2006 ஜனவரியில் ஆர்டர் வந்தது. பிலோமினா கூனிமேட்டைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் புனிதா டீச்சர் ஆனாள்.

நான் உடனே மரக்காணத்தில் சிமெண்ட் வேலை செய்யும் ஒரு மேஸ்திரிக்குப் போனில் சொல்லி, ஒரு சிலுவை செய்யச் சொன்னேன். வாசகத்தை நானே எழுதினேன். அந்தோணி என்கிற ஆறுமுகம். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், திருமண நாள், இறந்த நாள். மனைவி பெயர், மகள் பெயர், இரண்டு பெயரும். ஒரு தேதி கூடத் தவறக் கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தேன். ஈஸ்டருக்கு லீவு போட்டு ஊருக்குப் போய், நானே நின்று நடுவதாக முடிவு.

ஏப்ரல் இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தேன். சிலுவை மேஸ்திரியின் கொட்டகையில் தயாராக இருந்தது. எழுத்து நன்றாக விழுந்திருந்தது. வீட்டுக்குப் போய் திரேசாவிடம், நாளைக்கு வைத்துவிடலாம் என்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெக்க முடியாதுண்ணா."

"ஆர்டர்தான் வந்துடுச்சே."

"வந்துச்சு. சர்டிபிகேட் உண்மையான்னு இன்னொரு வாட்டி பாப்பாங்களாம். அதுக்கப்புறமும் எவனாச்சும் மனு போட்டா, ரிட்டயர் ஆவுற வரைக்கும் எப்ப வேணா கூப்புடுவாங்களாம். ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க. அவங்களும் நம்மள மாதிரிதான்."

"அப்ப அந்தோணிக்கு எப்ப?"

"அவ பென்ஷன் வாங்குனதும்."

"அது வரைக்கும் நீ இருப்பியாம்மா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அவரு பக்கத்துல இருப்பேன். ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒன்னா வெச்சுடுவா. செலவு மிச்சம்தானே."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் பெயர் இரண்டையும் அந்த சிமெண்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தேனே என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த ஆபீசருக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மறுநாள் மேஸ்திரியிடம் போய், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் எதுவும் கேட்காமல் சிலுவையை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, மேலே சாக்கைப் போட்டார்.

7

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமையும் சித்திரை முதல் நாளும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 14. எங்கள் ஊரில் அன்று சாயங்காலம், இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்து, சிலுவைப்பாதை ஊர்வலம் நடக்கும். கோவிலிலிருந்து கிளம்பி, மெயின் ரோட்டில் கொஞ்சதூரம் போய், உப்பளத்து வரப்பில் முடியும். வழியில் நின்று ஜெபிக்கும் இடங்கள் பதினான்கு நிலைகள். கடந்த ஒரு வருடத்தில் சாவு நடந்த வீட்டார் ஆளுக்கொரு நிலை பெரிய பனங்கட்டைச் சிலுவையைச் சுமப்பார்கள். செத்தவர் பெயரை, கோவிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் உரக்கச் சொல்வார், எல்லோரும் முழந்தாளிடுவார்கள். செத்தவர்களுக்கு ஊர் செய்கிற மரியாதை இது. இதை விட்டுவிட்டால் அந்தச் சாவு கணக்கில் சேரவில்லை என்று பேசுவார்கள்.

மனு போனதிலிருந்து திரேசாவும் பிலோமினாவும் உள்ளூர்க் கோவிலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, யாருக்கும் தெரியாத புதுச்சேரிக் கோவில் ஒன்றில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருகிறார்கள். சிலுவைப்பாதையில் அந்தோணியின் பெயரை விட்டுவிடும்படி திரேசா உபதேசியாரிடம் சொல்லியிருந்தாள். அவர் ஒப்பவில்லை. பேரைச் சொல்லத்தான் போறேன், அந்தோணின்னு ஊர்ல ஆயிரம் பேரு, தூக்கறதுக்குப் புள்ளையோட தாய்மாமன் வந்திருக்காருல்ல, என்றார்.

ஆகவே நான் சுமந்தேன். ஐந்தாம் நிலை, மெயின் ரோட்டில், டீக்கடைக்கு எதிரே. என் தோளில் சிலுவையை ஏற்றிவைத்தார்கள். பின்பக்கத்தை இரண்டு இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரோட்டோரத்தில் யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும். என் பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது. என் வேலையை எந்தத் தாலுக்கா ஆபீசும் பறிக்க முடியாது. பனங்கட்டை கனமானதுதான், ஆனால் எனக்குக் கனக்கவில்லை. அந்த இடத்தில் அதைத் தூக்குவதற்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் யாரும் இல்லை என்று தோன்றியது.

டீக்கடைப் பக்கம் வருடப்பிறப்புக்காகப் புதுத்துணி உடுத்தியவர்கள் நின்றார்கள். அவர்களோடு பிலோமினா நின்றாள். புதுப்புடவை, நெற்றியில் குங்குமம், பக்கத்தில் அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர். ஊர்வலம் போகும்போது வழிவிட்டு நிற்கும் எல்லோரையும்போல நின்றாள். உபதேசியார் பெயரைச் சொன்னார். ரோட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள். சிலுவை சுமப்பவன் முழந்தாளிட முடியாது, நான் நின்றேன். அவளும் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த டீச்சர் ஏதோ சொல்ல, தலையை ஆட்டினாள்.

இதை ஜோசப் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். திரேசா வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

வரப்பில் எல்லாம் முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது பிலோமினா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தோள்பட்டை வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"மாமா, அப்பா பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. நீ அங்கதானே நின்ன?"

"அப்பதான் பஸ்காரன் ஹாரன் அடிச்சான். எனக்குக் கேக்கல."

"சொன்னாங்கம்மா."

"இன்னான்னு சொன்னாங்க?"

"அந்தோணின்னு."

அவள் சரி என்று தலையசைத்தாள். பிறகு, திரும்ப ஒரு தடவ சொல்லுங்க மாமா, உபதேசியார் சொன்ன மாதிரியே, என்றாள். நான் எழுந்து தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படி வாசலிலேயே முழந்தாளிட்டாள்.